சிறுநீரில் புரதம் போனால் கிட்னி போய்விடுமா? புரதமே இல்லையென்றால் கிட்னி நன்றாக இருக்கிறதா?

கேட்டவர் கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடிப் பக்கம். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அப்பாவுக்கு 58 வயது, 11 வருடமாகச் சர்க்கரை. சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 85 என்றும், ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையில் உருவாகி, கிட்னி வெளியேற்றும் கழிவு) 1.1 என்றும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. "புரதம் போகுது, இனி கிட்னி அவ்வளவுதான்" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட, வீடே கலங்கிப்போயிருக்கிறது. அதே வாரம் சித்தப்பாவும் ஒரு முகாமில் பரிசோதனை செய்துகொண்டார். வயது 46, கரும்பு வெட்டும் வேலை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. சிறுநீரில் புரதம் 'நில்'. கிரியேட்டினின் மட்டும் 1.9. "சித்தப்பாவுக்குப் புரதம் போகலையே, வெயில்ல வேலை செஞ்சதால கொஞ்சம் கூடியிருக்கும்னு சொல்றாங்க, விட்டுடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

விடாதீர்கள். இரண்டு பேரில் முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டியவர் உங்கள் சித்தப்பாதான். அப்பாவுக்கும் வைத்தியம் வேண்டும், ஆனால் அவருடைய நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. நான் மருத்துவர் அல்ல. புதுச்சேரியில் மருத்துவ ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இந்த ரிப்போர்ட்டுகள் எப்படி உருவாகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பது தெரியும். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகுதி. முதலில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு, அதற்குப் பெயர் குளோமெருலஸ். அடுத்து, வடிந்து வந்ததில் உடலுக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் நீண்ட குழல். இரண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டரை வடிகட்டுகின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எல்லாவற்றையும் குழல்கள் ரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. கிட்னியின் உழைப்பில் பெரும்பகுதி இந்தத் திருப்பி எடுக்கும் வேலைதான்.

ஆல்புமின் ஓரளவு பெரிய புரதம். அதன் மேல் எதிர்மின்னேற்றமும் உண்டு. நல்ல குளோமெருலஸ் அளவாலும் மின்னேற்றத்தாலும் அதைத் தடுத்து நிறுத்திவிடும். தப்பி வரும் கொஞ்சத்தையும் குழல் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் ஆல்புமின் இருக்கும். எல்லாப் புரதமும் சேர்த்தால் 150 மில்லிகிராம் வரை போவது இயல்பு. அதில் கணிசமான பங்கு யூரோமாடுலின் என்கிற புரதம். அது ரத்தத்திலிருந்து ஒழுகுவது அல்ல, குழலே சுரப்பது. ஆகவே 'சிறுநீரில் புரதம்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தப் புரதம் என்று கேட்க வேண்டும். குளோமெருலஸ் கெட்டால் ஆல்புமின் வரும். குழல் கெட்டால் வேறு சின்னப் புரதங்கள் வரும். உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் இரண்டு விதமான ரிப்போர்ட் வந்ததன் விளக்கம் இதற்குள்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

சிறுநீரில் புரதத்தைத் தேடும் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்தி மேல் காட்டினார். சூட்டில் அது முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டது. அப்படிப்பட்டவர்கள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது கிட்னி கெட்டுப்போயிருந்தது. 1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, ஸ்பிரிட் விளக்கில் சோதனைக் குழாயைச் சூடாக்கி, இரண்டு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டுப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. அந்த முறையில் தெரிய வேண்டுமென்றால் புரதம் நிறையவே போயிருக்க வேண்டும். 1963-ல் ஹாரி கீனும் அவருடைய சகாவும் மிகச் சிறிய அளவு ஆல்புமினையும் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் அந்தச் சின்னக் கசிவு இருந்தால் பின்னால் கிட்னி கெடும் வாய்ப்பு அதிகம் என்பது 1980-களின் தொடக்கத்தில் தெளிவானது. உங்கள் அப்பாவுக்குச் செய்த பரிசோதனை அந்த வழியில் வந்ததுதான். கிட்னி கெட்டுவிட்டது என்று அறிவிப்பதற்காக அதைச் செய்வதில்லை. காப்பாற்ற அவகாசம் இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்காகச் செய்கிறோம்.

இப்போது எண்கள். ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. பழைய மருத்துவர்கள் இன்னும் மைக்ரோஆல்புமின் என்பார்கள். 300-க்கு மேல் போனால் கடுமையான கசிவு. அப்பாவின் 85 நடுவில் வருகிறது.

விகிதம் எதற்கு, ஆல்புமினை மட்டும் அளந்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தவரின் சிறுநீர் கெட்டியாக இருக்கும், அதில் ஆல்புமின் அடர்த்தி கூடுதலாகத் தெரியும். அதே ஆள் 2 லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். கிரியேட்டினினும் அதே அளவில் கெட்டியாகும், அதே அளவில் நீர்க்கும். ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தண்ணீரின் கணக்கு அடிபட்டுவிடும். சில இடங்களில் விகிதம் போடாமல் 'மைக்ரோஆல்புமின் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்' என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். அதை வைத்துப் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிடாதீர்கள். விகிதம் கேட்டு வாங்குங்கள். இதிலும் ஒரு குறை உண்டு: தசை வற்றிய முதியவர்களுக்குக் கிரியேட்டினின் குறைவாகவே வெளியேறும், அதனால் விகிதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடுமையான உடலுழைப்பு, மாதவிலக்கு, கட்டுக்கடங்காத சர்க்கரை அல்லது பிரஷர், இதில் எது இருந்தாலும் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடும். அதனால்தான் 3 முதல் 6 மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது கூடுதலாக இருந்தால்தான் கசிவு நிலையானது என்று எடுத்துக்கொள்கிறோம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. வளரும் பிள்ளைகள் சிலருக்கு நின்று நடமாடும்போது மட்டும் புரதம் கசியும், படுத்து எழுந்தால் இருக்காது. காலைச் சிறுநீரில் பார்த்தால் அந்த வீண் பயம் போய்விடும். கர்ப்பிணிகளின் கணக்கு தனி. 20 வாரத்துக்குப் பிறகு புரதம் வந்தால் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும், இரண்டாவது ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

சித்தப்பாவுக்கு முகாமில் பார்த்தது பெரும்பாலும் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பாகத்தான் இருக்கும். அதிலுள்ள மஞ்சள் கட்டத்தில் ஒரு சாயம் இருக்கிறது, ஆல்புமின் பட்டால் பச்சையாகும். கவனியுங்கள், ஆல்புமின் பட்டால். மற்றப் புரதங்களுக்கு அது சரியாக நிறம் மாறாது. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவில் கிராம் கணக்கில் புரதம் போகும்போதுகூட ஸ்ட்ரிப் 'நில்' காட்டலாம். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டால் அதே சிறுநீர் பால் போல் கலங்கும். வயதானவர், முதுகுவலி, ரத்தசோகை, கிரியேட்டினின் கூடுதல், ஸ்ட்ரிப் நில் என்று ஒருவர் வந்தால் ஆய்வகத்தில் இருப்பவர்கள் இந்த அமிலத்தையும் ஒரு முறை விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. ஆகும் நேரம் ஒரு நிமிடம். மறுபக்கம், கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய பாட்டிலில் கொண்டுவந்தால் இல்லாத புரதத்தையும் ஸ்ட்ரிப் காட்டும். ஆய்வகத்தில் தரும் டப்பாவையே பயன்படுத்துங்கள்.

ஸ்ட்ரிப்பைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்க வழி செய்தது மிக நல்ல காரியம். ஆயிரக்கணக்கானவர்களைக் குறைந்த செலவில் சலித்தெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. 'பிளஸ்' வந்தவரை அது பிடித்துக் கொடுக்கும். 'நில்' வந்தவருக்கு நற்சான்றிதழ் தருவதற்கான கருவியாக அதை எடுத்துக்கொள்வதுதான் தவறு.

அப்படியானால் குழல் கெடும்போது வரும் சின்னப் புரதங்கள் எவை? பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின், ரெட்டினால் பிணைப்புப் புரதம் ஆகியவை முக்கியமானவை. இவை சிறியவை என்பதால் நல்ல கிட்னியிலும் குளோமெருலஸ் வழியாகத் தாராளமாக வடிந்துவிடும். உடனே குழல் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். குழல் பழுதானால் பிடிக்க ஆளில்லாமல் சிறுநீரோடு வந்துவிடும். ஜப்பானில் காட்மியம் கலந்த ஆற்றுநீர் பாய்ந்த வயல்களின் அரிசியைத் தின்ற மக்களுக்கு இதாய்-இதாய் நோய் வந்தபோது, கிட்னி பாதிப்பைத் தேட பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைத்தான் அளந்தார்கள். ஆனால் அது அமிலச் சிறுநீரில் சீக்கிரம் சிதைந்துவிடும், மாதிரி கொஞ்சம் தாமதமானாலும் எண் பொய்யாகும். அந்த வகையில் ஆல்ஃபா-1 நம்பகமானது.

இவை தவிர, அடிபட்ட குழலின் செல்களே வெளியேற்றும் புரதங்களும் உண்டு. கிம்-1, என்கால் என்ற பெயர்களை இப்போது அடிக்கடி கேட்கலாம். திடீர்ப் பாதிப்பில் கிரியேட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். என்கால் சில மணி நேரத்தில் ஏறிவிடும். ஆனால் சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். இவற்றை உங்கள் ஊர் ஆய்வகத்தில் தேடி அலைய வேண்டாம். ஆராய்ச்சிக்கும் பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் உதவுபவை அவை. நாள்பட்ட நோயில் ஒரு தனிமனிதரின் மருந்தை மாற்றும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. 'கிட்னி புரோட்டீன் பேனல்' என்று யாராவது ஆயிரங்களில் விலை சொன்னால், அந்தப் பணத்தில் ஒரு விகிதமும் கிரியேட்டினினும் ஸ்கேனும் பார்த்துவிடலாம்.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். இது நம் பகுதிக்கே உரிய கவலை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஜிப்மர் மருத்துவர்கள் 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதுச்சேரியிலிருந்தும் சுற்றியுள்ள தமிழக மாவட்டங்களிலிருந்தும் வரும் கிட்னி நோயாளிகளில் ஒரு பெரும் பங்கினருக்கு, சர்க்கரையோ பிற வழக்கமான காரணமோ இல்லாமலே கிட்னி கெட்டிருப்பதை அதில் பதிவு செய்தார்கள். தொண்டை மண்டல நெஃப்ரோபதி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆந்திரத்தில் உத்தானம், இலங்கையில் வட மத்திய மாகாணம், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் என்று உலகில் சில இடங்களில் தெரியவந்த, காரணம் பிடிபடாத கிட்னி நோயின் வரிசையில் நம் ஊரும் சேர்ந்துவிட்டது. வெயிலில் உடலுழைப்புச் செய்யும் விவசாயத் தொழிலாளர்களிடம் இது அதிகம். வெப்பமும் நீரிழப்பும், பூச்சிமருந்து, குடிநீர், வலி மாத்திரை என்று சந்தேகங்கள் பல இருக்கின்றன, விவாதம் முடியவில்லை.

இந்த நோயின் குணம் ஒன்றைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் குழலும் அதைச் சுற்றிய திசுவும். குளோமெருலஸ் தொடக்கத்தில் ஓரளவு தப்பித்திருக்கும். ஆகவே ஆல்புமின் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். நுரை வராது, கால் வீங்காது, பிரஷர்கூட ஏறாமல் இருக்கலாம். புரதத்தை மட்டும் பார்க்கும் முகாம் இப்படிப்பட்டவர்களைத் தவறவிடும். உங்கள் சித்தப்பாவுக்கு அதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் கரும்பு வெட்டும் 46 வயதுக்காரருக்கு 1.9 என்றால், கடலூர் மாவட்டத்தில் அதை வெயில் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1.9 எவ்வளவு என்று பார்ப்போம். நம் பக்கம் 'உப்பு ஏறியிருக்கிறது' என்று சொல்வது இந்தக் கிரியேட்டினினைத்தான். இந்த எண்ணை வெறுமனே பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கிட்னியின் வேலை பாதியாகக் குறையும் வரைகூட அது இயல்பு எல்லையை ஒட்டியே நிற்கலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீட்டை, அதாவது இ.ஜி.எஃப்.ஆர். என்பதை எடுக்க வேண்டும். 1.3 என்ற ஒரே எண், 25 வயது ஆணுக்கு 78 என்றும், 62 வயதுப் பெண்ணுக்கு 46 என்றும் வரும். 2021-ல் வந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: உங்கள் அப்பாவுக்கு ஏறக்குறைய 78, சித்தப்பாவுக்கு 43 அல்லது 44. 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட கிட்னி நோய். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பற்றிய பேச்சு வரும்.

உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். ஒரு பக்கமும் ஆல்புமின் ஒரு பக்கமுமாக ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அதில் அப்பா மஞ்சள் கட்டத்தில் வருகிறார், வருடம் ஒரு முறை பார்த்தால் போதும். சித்தப்பா, புரதமே இல்லாவிட்டாலும், அதைவிட ஆபத்தான ஆரஞ்சுக் கட்டத்தில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு இனி என்ன? விகிதத்தை இன்னும் ஒன்றிரண்டு முறை பார்த்து உறுதி செய்யுங்கள். உறுதியானால் மருத்துவர் டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்ற மருந்தில் ஒன்றைத் தரலாம். அது பிரஷரைக் குறைப்பதோடு குளோமெருலஸுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைத்துக் கசிவைத் தணிக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் கிட்னி கெடும் வேகத்தைக் குறைப்பது 2019-க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. டாபாகிளிஃப்ளோசின் இப்போது பல கம்பெனிகளிடமிருந்து மலிவாகக் கிடைக்கிறது. இவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் எதிர்பார்த்தே இருப்பார்கள். "மாத்திரை போட்டதும் உப்பு ஏறிடுச்சு" என்று பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாமல் இருக்கும் நாட்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புரதம் போகிறதே என்று புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். அளவாக, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற கணக்கில் சாப்பிட்டால் போதும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் குறைய வேண்டும். அப்புறம் யாராவது பஸ்பம், செந்தூரம் என்று சொன்னால் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் சிறுநீரில் கிராம் கணக்கில் புரதத்தைக் கொட்டவைக்கும் ஒரு வகைக் கிட்னி நோய்க்கும் தொடர்பு இருப்பதைத் தென்னிந்திய நோயாளிகளிடமே ஆய்வு செய்து 2022-ல் வெளியிட்டிருக்கிறார்கள். கையில் இருக்கும் 85-ஐ அங்கே கொண்டுபோய் விட வேண்டாம்.

சித்தப்பாவுக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். வெயில் வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்த பிறகு கிரியேட்டினினை இந்த வாரமே மறுபடி பாருங்கள். வெறும் நீரிழப்பு என்றால் இறங்கிவிடும். இறங்காவிட்டால் கிட்னி மருத்துவரிடம் போக வேண்டும். இறங்கினாலும் 3 மாதத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப்போடு நிறுத்தாமல் ஆல்புமின் விகிதமும் எடுங்கள், பொட்டாசியம் பாருங்கள், வயிற்று ஸ்கேனில் இரண்டு கிட்னியின் நீளத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கிட்னி சுருங்கியிருந்தால் நோய் நாள்பட்டது என்று தெரியும். தசை நிறைய உள்ள உழைப்பாளிக்குக் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்ற சந்தேகம் மருத்துவருக்கு இருந்தால், தசையின் அளவை அதிகம் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கே போகலாம். இந்த நோயைப் பெயர் வைத்து அடையாளம் கண்ட இடம் அது.

போகும்போது அவர் எந்தெந்த வலி மாத்திரை, வாரத்துக்கு எத்தனை போடுகிறார் என்று எழுதிக் கொண்டு போங்கள். கரும்பு வெட்டிவிட்டு வந்து உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாத ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்தத்தையே குறைத்துவிடும். அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், மருத்துவரைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். அவரோடு அதே வயலில் வேலை செய்யும் அண்ணன் தம்பிகள், கூட்டாளிகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு முறை ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள், முகாமில் சிறுநீர் 'நில்' என்று வந்திருந்தாலும் சரி.